மூன்றாம் ஓலைக்கு முன் திருத்திய கணக்கு

ரெஜினா,

இந்தக் கடிதத்தைத் திருத்தி எழுதித் தர நீ பக்கத்தில் இல்லை. எட்டாம் வகுப்பிலிருந்து என் மனுக்களையெல்லாம் எழுதித் தந்தவள் நீ. நான் தமிழில் சொல்லச் சொல்ல நீ இங்கிலீஷில் எழுதுவாய். நடுவில் பேனாவைத் தூக்கிக்கொண்டு, "அப்பா, அயோக்கியன்னு போட வேணாம், கவனக்குறைவுன்னு போடறேன்" என்பாய். நான் முறைப்பேன். நீ கவனக்குறைவு என்றே போடுவாய். இந்தக் கடிதத்தில் அப்படித் தணித்துப் போட யாரும் இல்லை. கோபமான வார்த்தை கோபமாகவே இருக்கும். ஆனால் இதை நான் கோபத்தில் எழுதவில்லை. நன்றி சொல்ல எழுதுகிறேன். எனக்கு அது பழக்கமில்லாத வேலை, அதனால் கொஞ்சம் நீளும். இதை நீ மறைத்துப் படிக்க வேண்டியதில்லை. உன் அம்மா படிக்கட்டும், வரப்போகிற மாப்பிள்ளை படிக்கட்டும், கேட்கிற யாருக்கும் வாசித்துக் காட்டு.

அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். அதற்குப் பிறகு நீ ராஞ்சிப் பக்கம் போய்விடுவாய். பெங்களூரில் இருந்தாலாவது சனிக்கிழமை மாலை ஓசூர் பஸ்ஸில் வந்து இறங்குவாய். இனி அதுவும் கிடையாது. நீ போவதற்கு முன்னால் நமக்குள் தீர வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. எது என்று உனக்குத் தெரியும். நீ அதைப் பற்றி ஒருமுறைகூடப் பேசவில்லை என்பதுதான் எனக்கு முள்ளாக இருந்தது.

நாசில் விஷயத்தைத்தான் சொல்கிறேன். படிக்கிற மற்றவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள். எங்கள் ஆலையில் கடலை எண்ணெயின் வாடையைப் போக்க, மூடிய தொட்டியிலிருந்து காற்றை உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். அந்த வேலையைச் செய்வது ஒரு சின்ன பித்தளைக் குழாய், அதற்குப் பெயர்தான் நாசில். ஒரு முனையில் பாய்லரிலிருந்து நீராவி நுழையும், நடுவில் கழுத்துபோல இடுங்கும், பிறகு வாய் விரியும். கழுத்தில் நீராவி பாயும் வேகத்தில் பக்கத்திலிருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு போய்விடும். சீமையிலிருந்து வந்த பழைய நாசில் தேய்ந்துபோனது. புதிதாக வரவழைக்க அனுமதி கேட்டு ஆலைக்காரர்கள் ஒன்றரை வருடம் காத்திருந்தார்கள். நான்தான், "நான் கடைந்து தர்றேனுங்க" என்றேன். கடைந்தும் தந்தேன். கழுத்து எவ்வளவு இருக்க வேண்டும், அதில் மணிக்கு எவ்வளவு நீராவி போகும் என்று என் நீராவி அட்டவணைப் புத்தகத்தை வைத்துக் கணக்குப் போட்டு, அந்தக் காகிதத்தையும் பெருமையாக மேனேஜர் மேசையில் வைத்தேன். யாரும் கேட்காமலே வைத்தேன். என் கழுத்துக்கு நானே கயிறு கொடுத்தது அப்போதுதான்.

பெங்களூரிலிருந்து சோதனைக்கு வந்த இன்ஜினியர் நீராவி அளக்கும் மீட்டரைப் பார்த்தார், என் காகிதத்தைப் பார்த்தார். நான் எழுதிய அளவைவிட நூற்றுக்கு மூன்று பங்கு அதிகமாக நீராவி போய்க்கொண்டிருந்தது. "மேஸ்திரி, நீ எழுதின கணக்குப்படியே உன் துளை பெரிசு" என்றார். நான் என் அளவுக்கட்டையைத் துளையில் நுழைத்துக் காட்டினேன். தலைமயிர் அளவுகூட ஆடவில்லை. அவர் சிரித்தார். "நீயே செஞ்ச கட்டைய வெச்சி நீயே அளந்தா எப்படிய்யா?" அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி நீயும் எழுதாதே. ஒரு வாரத்தில் என்னைப் பாய்லரிலிருந்து எடுத்து, வாசலில் கடலை மூட்டை எடை போடும் இடத்தில் நிறுத்தினார்கள். பத்தொன்பது வருடம் நெருப்பின் முன்னால் நின்றவனைத் தராசின் முன்னால் நிறுத்தினார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். மனு. மீட்டர் கெட்டுவிட்டது என்று மனு. மீட்டரைச் சோதிக்க வேறு ஆளை அழைக்க வேண்டும் என்று மனு. அந்த இன்ஜினியர் ஒருதலையாக நடக்கிறார் என்று மனு. மதராஸ் மாநிலம் என்று அச்சடித்த பழைய தாளில் அதை அடித்துவிட்டுத் தமிழ்நாடு என்று எழுதி எழுதியே ஒரு கட்டுத் தாள் தீர்ந்தது. பதினோரு மனு. பன்னிரண்டாவதுக்கு நீ பேனாவை மூடி வைத்தாய்.

"இத நான் எழுத மாட்டேம்ப்பா."

"ஏன்?"

"மீட்டர ரெண்டு தடவ சோதிச்சிட்டாங்க. அது சரியாத்தான் இருக்குது. உங்க துளையும் சரின்னு எனக்குத் தெரியும். அப்ப ரெண்டுக்கும் நடுவுல வேற எதுவோ தப்பு."

"வேற என்ன இருக்குது நடுவுல?"

நீ அலமாரியில் வேதப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருந்த என் நீராவி அட்டவணையைப் பார்த்தாய். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அந்தப் புத்தகம் எனக்கு என்ன என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பாய்லர் பரீட்சையில் இரண்டு முறை தோற்றேன். இரண்டாம் முறை, கேள்வி கேட்டவர் என் இங்கிலீஷைக் கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துக் கண்ணடித்தார். பெங்களூரில் பழைய புத்தகக் கடை ஒன்றில் அதை வாங்கினேன். நான் இங்கிலீஷ் படித்ததே அதில்தான். அதில் வாக்கியம் குறைவு, எண்கள்தான் அதிகம். எண்களுக்கு உச்சரிப்பு கிடையாது. பட்டம் வாங்கினவன் அந்தப் பக்கத்தைத் திறந்தாலும் நான் திறந்தாலும் ஒரே எண்தான் இருக்கும். எவ்வளவு படித்தவன் என்று என்னைக் கேட்காதது உலகத்தில் அது ஒன்றுதான். அதைத்தான் நீ சந்தேகமாகப் பார்த்தாய்.

இரண்டு வாரம் கழித்து, நீ வேலை செய்யும் இடத்தில் இருக்கிற கம்ப்யூட்டரில் உங்கள் பெரியவரிடம் கேட்டு அரை மணி நேரம் வாங்கி, கணக்கை அட்டை அட்டையாகத் துளை போட்டு மிஷினுக்குக் கொடுத்து, மூன்று காகிதத்தோடு வந்தாய். நீராவியை எதுவாக வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது என்பதுதான் கேள்வி என்றாய். முதல் காகிதத்தில் அதைக் காற்றைப்போல ஒரு வாயு என்று வைத்திருந்தாய். அதன்படி நாசிலின் வாயிலிருந்து வெளியே வரும்போது நீராவியின் சூடு பூஜ்யத்துக்குக் கீழே நூறு டிகிரிக்கும் மேல் இறங்கிவிடும் என்று மிஷின் அச்சடித்திருந்தது. நான் வயிறு குலுங்கச் சிரித்தேன்.

"ஏம்மா, அப்ப பாய்லர் வாய்ல குச்சி சொருகினா ஐஸ் விக்கலாமா?"

"சிரிக்காதீங்கப்பா. வாய்ப் பக்கம் இது தப்புதான். காத்து எவ்ளோ குளுந்தாலும் காத்தாவே இருக்கும். ஸ்டீம் குளுந்தா தண்ணியாவும், ஆவறப்ப சூட்ட வெளிய விடும். இந்தக் கணக்குக்கு அது தெரியாது."

"தெரியாத கணக்க எதுக்குக் கொண்டாந்த?"

"கழுத்துக்கிட்ட பாருங்க. அங்க இது சொல்றதும் மீட்டர் சொல்றதும் ஒண்ணா இருக்குது."

இரண்டாம் காகிதம் முழுக்க என் அட்டவணை எண்கள். வாயில் எல்லாம் ஒழுங்கு. கையைச் சுடுகிற ஈரமான நீராவி, நான் தினமும் பார்க்கிறது. ஆனால் கழுத்தில் அதே மூன்று பங்கு குறைவு. நீ என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பென்சிலால் கழுத்தை வரைந்து காட்டினாய். நம் பாய்லர் நீராவி கொதிநிலையைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரிதான் அதிகச் சூடு. அட்டவணைப்படி அது கழுத்துக்கு வருவதற்கு முன்னாலேயே கொஞ்சம் தண்ணீராகியிருக்க வேண்டும்.

"ஆனா அதுக்கு நேரமே இல்லப்பா. துளி சேர்றதுக்குள்ள கழுத்தத் தாண்டிப் போயிடுது. தண்ணியாவாம, சூடும் கொறஞ்சி, நெருக்கமாப் போவுது. அதனால அதே துளையில கொஞ்சம் அதிகமாப் போவுது. உங்க புக்கு பொய் சொல்லல. அது நின்னு நிதானமா இருக்கிற ஸ்டீமப் பத்திச் சொல்லுது. இது ஓடுற ஸ்டீம்."

மூன்றாம் காகிதத்தில் கழுத்து வரைக்கும் வாயு, கழுத்துக்கு அப்பால் அட்டவணை என்று பிரித்துப் போட்டிருந்தாய். மீட்டர், துளை, வாய் மூன்றும் பொருந்தின. நான் குற்றமற்றவன் என்று அந்தக் காகிதம் சொன்னது. நான் என்ன சொன்னேன்?

"ஒரு கணக்குக்கு ரெண்டு சட்டமா? இது கணக்கா, இல்ல கட்சி மாறுறதா?"

"அப்பா, இத மேனேஜர்கிட்ட குடுங்க. அடுத்த நாளே பாய்லருக்குப் போயிடுவீங்க."

"அட்டவணை தப்புன்னு சொல்லி எனக்கு விடுதலை வேணாம். மூட்ட எடை போட்டே சாவறேன்."

அடுப்படியிலிருந்து உன் அம்மா எட்டிப் பார்த்து, "ஏசு சாமியே வந்து உங்க பக்கம் சாட்சி சொன்னாலும் அவருக்கு என்ன சர்ட்டிபிகேட்டுன்னு கேப்பீங்க" என்றாள். நான் காகிதத்தைத் தள்ளிவிட்டேன். அது அம்மியடியில் போய் விழுந்தது. நீ எடுத்துத் துடைத்து மடித்து வைத்தாய். நீ அதைத் துடைக்க வேண்டி வந்ததற்காகத்தான் முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

திங்கட்கிழமை காலை நீ பெங்களூர் பஸ் ஏறப் போகிறாய் என்று நினைத்திருந்தேன். ஒன்பது மணிக்கு, நான் மூட்டையைத் தராசில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது, கிருஷ்ணகிரி ரோட்டிலிருந்து ஆலை வாசலுக்குள் வந்தாய். கையில் பை, முந்தானையை இழுத்துச் சொருகியிருந்தாய். என்னைத் தாண்டித்தான் போனாய். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் "போ வீட்டுக்கு" என்று கத்தியிருப்பேன். அது உனக்குத் தெரியும். கூட வேலை செய்தவர்கள் கேட்டார்கள், "யாருண்ணா அது, ஆபீசுக்குப் போவுது?" நான் தெரியாது என்று சொன்னேன். ஆமாம் ரெஜினா. தெரியாது என்று சொன்னேன். இதை நான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

வெளியாள் ஒரு பெண் போட்ட கணக்கு என்றால் அந்த ஆபீசில் யாரும் தொட மாட்டார்கள் என்று உனக்குத் தெரிந்திருந்தது. அதனால் மேலே "பாய்லர் மேஸ்திரியின் விளக்கம்" என்று எழுதி என் பெயரைப் போட்டிருந்தாய். அப்பாவுக்கு உடம்பு அசதி, அதனால் நான் கொண்டுவந்தேன் என்று மேனேஜரிடம் சொன்னாயாம். அந்த இன்ஜினியர் மூன்று வாரம் வைத்திருந்து பார்த்தார். தவறு எங்கே என்று தேடியிருப்பார், கிடைத்திருக்காது. நாசில் சரி, மேஸ்திரியின் கணக்கு சரி என்று எழுதி அனுப்பினார். மேனேஜர் ஷிப்ட் மாறும் நேரத்தில் எல்லாரையும் நிற்க வைத்து, "நம்ம மேஸ்திரி பெங்களூர்க்காரங்களுக்கே பாடம் எடுத்துட்டாரு" என்றார். கை தட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பாய்லரின் முன்னால் போய் நின்றேன். நெருப்பு எப்போதும்போல எரிந்தது. உன்னிடம் நான்கு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு வேலையைத் திருப்பித் தந்ததற்காக உன்னைத் தண்டித்தேன்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த நான்கு மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, திங்கள் வேலைக்காகப் பாய்லரை மூட்டும் சாக்கில், ஆலையில் நானே சோதனை செய்தேன். அந்த நாசிலைத் தனியாக மாட்டி, அதன் வாயை ஒரு பீப்பாய்க் குளிர்ந்த தண்ணீருக்குள் இறக்கினேன். பீப்பாயை நான் மூட்டை போட்ட அதே தராசில் ஏற்றினேன். பத்து நிமிடத்தில் தண்ணீர் எவ்வளவு கனம் கூடுகிறதோ அவ்வளவு நீராவி துளை வழியாகப் போயிருக்கிறது. மீட்டரை நம்ப வேண்டாம், மிஷினை நம்ப வேண்டாம், யார் பட்டத்தையும் நம்ப வேண்டாம். கடிகாரம் பிடித்தது உன் அம்மா. பூசை முடிந்து சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவளை நிற்க வைத்துவிட்டேன். முதல் ஞாயிறு உன் எண் வந்தது. தராசில் கோளாறு என்றேன். அடுத்த ஞாயிறு படிக்கல்லை எல்லாம் மாற்றிப் பார்த்தேன். மறுபடியும் உன் எண்தான் வந்தது. உன் அம்மா கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கொடுத்து, "பெத்த பொண்ணு சொன்னத நம்ப ரெண்டு பீப்பா தண்ணி வேண்டியிருக்குது உங்களுக்கு. சோறு ஆறிப் போச்சி, தின்னுங்க" என்றாள். அவளிடம் சத்தியம் வாங்கினேன், உன்னிடம் சொல்லக் கூடாது என்று. அவள் காப்பாற்றினாள். அவள் காப்பாற்றாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்குக் குறைவு. ஆனாலும் அப்பன் என்ற முறையில் சிலது சொல்கிறேன். ராஞ்சிக்குப் போனதும் வேலை தேடு. அங்கே கம்ப்யூட்டர் இல்லையென்றால் காகிதத்தில் கணக்குப் போடு. கல்யாணமான பெண்ணுக்கு எதற்கு என்று யாராவது சொன்னால், நான்கு மாதம் பேசாமல் இருந்தே உன்னை நிறுத்த முடியாத ஒருவன் ஓசூரில் இருக்கிறான் என்று சொல். மாப்பிள்ளை நல்லவராகத் தெரிகிறார். ஆனால் ஒரே சட்டத்தை வைத்து அவரை முழுக்க எடை போட்டுவிடாதே. உன் அம்மா எனக்கு அதைத்தான் செய்தாள். ஆலையிலிருந்து வந்த முதல் அரை மணி நேரத்துக்கு ஒரு சட்டம், காபி குடித்த பிறகு வேறு சட்டம். இருபத்தேழு வருடம் அதில்தான் ஓடியது. எந்தச் சட்டம் எவ்வளவு தூரத்துக்கு என்று உனக்கு ஏற்கெனவே தெரியும். நீ பென்சிலால் எனக்கு வரைந்து காட்டியதுதான். நான் அதைப் புரிந்துகொள்ள ஐம்பத்தாறு வயதாகியிருக்கிறது.

போன மாதக் கடைசி ஞாயிறு கோயிலில், மூன்று வாரம் வாசிக்கிற உன் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையை வாசித்தார்கள். சாமியார் என் பெயரைச் சொல்லி, இன்னாரின் மகள் ரெஜினா என்று வாசித்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த வரி உனக்குத் தெரியும். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குக் குருவிடம் அறிவிக்க வேண்டும். எத்தனையோ பேருக்கு வாசித்துக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் எனக்கு உடம்பு கூசியது. சபையில் உன்னை என் மகள் என்கிறேன், ஆலையில் உன் கணக்கை என் கணக்கு என்று வைத்திருக்கிறேன். கல்யாணத்தைத் தடுக்கிற விஷயமில்லைதான். ஆனால் தெரிந்தும் சொல்லாமல் இருக்கிறவன் நான் ஒருவன்தான் என்று அந்தக் கூட்டத்தில் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை மேனேஜர் அறைக்குப் போனேன். ஃபைலை எடுக்கச் சொன்னேன்.

"ஏனப்பா மேஸ்திரி, முடிஞ்சத ஏன் கெளப்புற?"

"அந்தக் கணக்கு என்னுது இல்லீங்க சார்."

"யாருது?"

"எம் பொண்ணுது. அன்னைக்குக் கொண்டாந்து குடுத்துச்சே, அது."

அவர் ஃபைலை மூடினார். "உனக்கு நல்ல பேரு வந்திருக்கு. விடப்பா, விடு." நான் விடவில்லை. மூன்று நாள் காலையில் போய் அவர் அறை வாசலில் நின்றேன். மூன்றாம் நாள் ஒரு தாளை நீட்டினேன். என் கையெழுத்து, என் இங்கிலீஷ், நாலே வரி. வாசித்துவிட்டு அவர் சிரித்தார். "பதினொண்ணு குடுத்த. ஒண்ணுகூட உனக்கு எதிரா குடுத்ததில்லயே?"

"இது பன்னெண்டாவதுங்க."

நீ எழுத மாட்டேன் என்றாயே, அந்தப் பன்னிரண்டாவதை நானே எழுதினேன். உண்மை இருந்ததால் சுருக்கமாக முடிந்தது.

தட்டச்சு செய்து ஃபைலில் சேர்த்துவிட்டார்கள். நகல் ஒன்று இதனுடன் இருக்கிறது. கணக்கு: செல்வி ரெஜினா, எம்.எஸ்ஸி. என்று மேலே இருக்கிறது. அதற்குக் கீழே, துளை கடைந்தது: பாய்லர் மேஸ்திரி என்று ஒரு வரி இருக்கும். அதையும் போடச் சொன்னது நான்தான். துளை சரியாக இருந்ததால்தானே உன் கணக்கு பொருந்தியது. அதில் நான் விட்டுக்கொடுக்கிறதாக இல்லை. கழுத்துக்கு அப்பால் அட்டவணைதான் சரி என்பதிலும் விட்டுக்கொடுக்கிறதாக இல்லை, அதை நீயே எழுதியிருக்கிறாய்.

நேற்று ஆலையில் புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருவன் கேட்டான், "அண்ணா, ஃபைல்ல இருக்கிற செல்வி ரெஜினா யாரு?" எம் பொண்ணு என்றேன். பாய்லர் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை கத்திச் சொன்னேன்.

வரும் ஞாயிறு மூன்றாம் ஓலை வாசிப்பார்கள். முன் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பேன். எனக்குத் தெரிந்த தடை இனி எதுவும் இல்லை.

அப்பா